கொக்குத்தலைப் பல்சக்கரம்

"என்ன சார், பஞ்சரா?"

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் கேட்டார். பேகம்பூர் தெருவில், காலை வெயிலில், கண்ணாடி மாதிரி மின்னும் ராலே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ராயப்பராஜ் நின்று சிரித்தார்.

"பஞ்சரெல்லாம் இல்லப்பா. இது இங்கிலீஷ் தோல் சீட்டு. இம்புட்டு வேர்வையோட மேல ஏறி உக்காந்தா தோலு வீணாப் போயிரும்."

கேட்டவர் சீட்டைப் பார்த்தார். ராயப்பராஜைப் பார்த்தார். பிறகு டீயை ஊதிக் குடித்தார்.

மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கும் ராயப்பராஜுக்குப் பழைய சைக்கிள் கிறுக்கு. திண்டுக்கல்லில் பாதிப் பேர் மொபெட்டுக்கு மாறிக்கொண்டிருந்த அந்த வருஷத்திலும் அவர் பழைய இரும்புக் கடைகளில் குனிந்து கிடந்தார். பழனியில் ஒரு லாட்ஜின் கொல்லையில் கிடந்த டைனமோ, சின்னாளப்பட்டியில் தறிக்காரர் ஒருவரிடம் பெல்லைக் கொடுத்து மாற்றிக்கொண்ட மட்கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பூட்டிய வண்டி அது.

அவருக்குப் போட்டி ஒரே ஒரு ஆள்தான். பூட்டுக்கடை ஜெகபர் அலி. நிலக்கோட்டைப் பூ வியாபாரி ஒருவரிடம் பழைய முகப்பு விளக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டு, அலி தன் ராலேயில் ஏறி வியர்க்க விறுவிறுக்க மிதித்துப் போனார். அதற்குள் ராயப்பராஜ் பஸ்ஸில் போய் விளக்கோடு திரும்பிவிட்டார். அதன் பிறகு ரெண்டு மாசம் அலி அவரோடு பேசவில்லை.

இரண்டு பேர் வண்டியிலும் ஒரே குறை. பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் மட்டும் லோக்கல் சரக்கு. அசலான ராலே பல்சக்கரத்தின் நடுவில் மூன்று கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும். பேகம்பூரில் கணவரை இழந்து தனியாக இருக்கும் குர்ஷித் பேகம் என்ற அம்மாவிடம் அது இருப்பதாகத் தெரிந்து, இன்றைக்கு இரண்டு பேருமே வண்டியோடு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

குர்ஷித் பேகம் சக்கரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். பிரித்ததும் மூன்று கொக்குகளும் வெள்ளி மாதிரி மின்னின. ராயப்பராஜ் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரரு வண்டி துருப்பிடிச்சுப் போச்சு. இதுக்கு மட்டும் நான் எண்ணெய் போட்டு வச்சிருக்கேன். எனக்குக் காசு பணம் வேணாம். ஆனா இதைக் கண்ணாடி அலமாரியில வச்சு வேடிக்கை பாக்குறவுகளுக்குத் தர மாட்டேன்."

"நாங்க வண்டியில பூட்டத்தாம்மா கேக்குறோம்" என்றார் அலி.

"அப்பச் சரி. என்னையப் பின்னாடி உக்கார வச்சு எங்க வீட்டுக்காரரு ஓட்டுவாரு பாருங்க, தண்ணித் தம்ளரைக் கையில வச்சிருந்தாலும் சிந்தாது. ரெண்டு பேரும் தெரு முக்கு வரைக்கும் ஓட்டிட்டு வாங்க. யாரு ஓட்டுறது அவரு மாதிரி இருக்கோ, அவுகளுக்கு இது."

அலி உற்சாகமாக லுங்கியை மடித்துக் கட்டினார். ராயப்பராஜ் தெருவைப் பார்த்தார். டீக்கடை பெஞ்சு முழுக்க இவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. அவர் ஹேண்டில் பாரை இறுகப் பிடித்தார்.

"வேணாம்மா" என்றார் மெதுவாக. "பாய்க்கே குடுத்துருங்க."

அலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏய் ராயப்பா, என்ன சொல்ற?"

"பாயி தினமும் கடைக்கு அதுலதாம்மா போறாரு, வாராரு. என்கிட்ட இருக்கிறதை விட அவருகிட்ட இருந்தாத்தான் இது ஓடும்."

"இம்புட்டு நாளாத் தேடுன பொருளை அடுத்தவனுக்கு விட்டுக் குடுக்கிறியே தம்பி. தங்கமான மனசுய்யா உனக்கு" என்று குர்ஷித் பேகம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மாவின் ஆசைக்காக அலி மட்டும் தெரு முக்கு வரை ஓட்டிப் போய் வந்தார். வண்டி கொஞ்சமும் நெளியவில்லை. குர்ஷித் பேகம் கை தட்டிச் சிரித்து, சக்கரத்தை அவர் கையில் கொடுத்தார்.

விடைபெற்றுக்கொண்டு இருவரும் வண்டிகளை உருட்டியபடி நடந்தார்கள். பள்ளிவாசலைத் தாண்டியதும் அலி சட்டென்று நின்றார்.

"உன்னைய எப்படி முந்துறதுன்னுதான் ஒரு வாரமா யோசிச்சுக்கிட்டு இருந்தேன், ராயப்பா. நீ என்னடான்னா ஒரே வார்த்தையில தூக்கிக் குடுத்துட்ட. இந்தா பிடி. உன் வண்டியிலயே பூட்டு. நீ செஞ்சதை நான் ஊர் பூராச் சொல்லப் போறேன்."

ராயப்பராஜ் சக்கரத்தை வாங்கினார். கொக்குத் தலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அப்புறம், மனசே இல்லாமல், அலியின் கையில் திருப்பி வைத்தார்.

"நீங்களே வச்சுக்கங்க பாய். யாருகிட்டயும் எதையும் சொல்லிராதீங்க. நான் ஒண்ணும் விட்டுக் குடுக்கல."

"பின்னே?"

ராயப்பராஜ் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு அலியின் காதருகே குனிந்தார்.

"எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."