வீடியோ வேண்டாம்

தென்காசி வக்கீல் பெர்சிஸ், ஆபீஸில் இருந்த வழக்குக் கட்டுகளை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டாள். இனி விசாரணையையும் வீடியோவிலேயே நடத்தச் சொல்லி மனுப் போடலாம் என்றால், எதிரே உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் புளியங்குடி குற்றாலிங்கம் மட்டும் மசியவில்லை.

“அண்ணாச்சி, வீட்டுல இருந்தே போன்ல பேசிரலாம். இந்த வயசுல எதுக்கு பஸ் ஏறி அலையுதீங்க?”

“அலைஞ்சாலும் பரவால்ல, கோர்ட்டுக்கே வாரேன்.”

“உங்க மகன் சரின்னுட்டாரே!”

“சொத்துக்காகக் கேஸ் போடச் சொன்னதே அவன்தானம்மா. அவன் சொல்லுவான்.”

பெர்சிஸ் எரிச்சலில் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். அப்போது எதிர்த்தரப்பு வக்கீல் ஜஸ்டினிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“மேடம், என் கட்சிக்காரம்மா வீடியோ வேண்டாம்னு ஒரே பிடிவாதம். கோர்ட்டுக்கு வந்தே தீருவாங்களாம். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டத்தண்ணி வத்திட்டு.”

குற்றாலிங்கம் சட்டென்று எழுந்துவிட்டார். “அக்கா வருதாளா?”

பெர்சிஸ் திகைத்துப் பார்த்தாள்.

“கேஸ் வந்த பெறகு ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் எங்கள பேச விடுததில்லம்மா,” என்றார் அவர். “வாய்தா அன்னைக்குக் கோர்ட்டு வாசல்லதான் நானும் அவளும் ஒரு காப்பி குடிச்சிக்கிடுதோம்.”

பெர்சிஸ் போனைக் கையில் எடுத்தாள்.

“ஜஸ்டின் சார், வீடியோ மனுவை விட்டுருவோம். ரெண்டு பேரும் நேர்லயே வரட்டும்.”