நான்கு சதவீதம் எருமை

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகனுக்காகச் செண்பகவல்லி பீய்ச்சிக் கொடுத்த தாய்ப்பாலை, மருத்துவமனையின் சோதனைக் கருவி மூன்றாவது நாளும் நிராகரித்தது. ‘எருமைப் பால் கலப்பு, நான்கு சதவீதம்.’ கருவி ஏற்காத பாலை எந்தக் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம்.

“பால் பத்தலைன்னா சொல்லியிருக்கலாமேம்மா. எதுக்குக் கலக்குறீங்க?” என்றார் சோதனை அதிகாரி.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. “எருமைய எங்க சார் கட்டி வச்சிருக்கேன்? இந்தக் கட்டிலுக்கு அடியிலயா?”

நர்ஸ் ரெஜினாவிடம் கிண்ணம் கேட்டு வாங்கினாள். திரையைக்கூட இழுக்காமல், இருவர் கண்ணெதிரிலேயே பீய்ச்சிக் கொடுத்தாள். ரெஜினா அதை அப்படியே கருவியில் ஊற்றினாள்.

‘எருமைப் பால் கலப்பு, நான்கு சதவீதம்.’

அதிகாரி அறிக்கையில் எழுதினார்: ‘கலப்படம் உறுதி. கலந்த விதம் தெரியவில்லை.’

செண்பகவல்லி, கட்டிலருகே மகன் கிடந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பிள்ளையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அபாய மணி அலறியது.

“நர்ஸ், பிள்ளைய வாங்குங்க!” என்று அதிகாரி கத்தினார்.

ரெஜினா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“சத்தம் போடாதீங்க சார்,” என்றாள். “பிள்ளை குடிக்குது.”