வயிற்று வார்

தகரக் கொட்டகையில் நடுவர், பள்ளிச் சீருடையில் ஒரு பெண், செம்பழுப்புக் குதிரை என்று மூவருமே ஒருவரையொருவர் பிடிக்காமல் நிற்கிறார்கள். குதிரையின் காதுகள் கோபத்தில் பிடரியோடு ஒட்டிக் கிடக்கின்றன. இந்த வாய்மொழித் தேர்வில் தேறினால்தான் அவள் மதியம் குதிரையேற்றப் போட்டியில் ஏறலாம். போன வருடம் இதே நடுவர்தான் அவளைத் திருப்பி அனுப்பினார். "குளம்புக்கு அடியில இருக்கிற முக்கோணச் சதை எதுக்கு?" "அதிர்ச்சி தாங்க." "அவ்வளவுதானா? உங்க கோச் இவ்வளவுதான் சொல்லிக் குடுத்தாரா?" அவள் குதிரையின் வயிற்றையே பார்க்கிறாள். சேணம் கட்டும்போது சில குதிரைகள் மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொள்ளும். சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்று வார் இறுகிவிட்டதாகத் தோன்றும். பிறகு காற்றை விட்டதும் வார் தொளதொளத்துவிடும். ஏறியவரோடு சேணம் பக்கவாட்டில் சரியும். இப்போது குதிரை நீளமாக மூச்சு விடுகிறது. வாருக்கும் ரோமத்துக்கும் நடுவே வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிகிறது. அவள் எட்டி, வாரை ஒரு துளை மேலே இழுத்து மாட்டுகிறாள்.

"கேள்வி நேரத்துல குதிரையைத் தொடக்கூடாதுன்னு மகாராணிக்குத் தெரியாதோ? ரெண்டு மார்க் போச்சு."

"போகட்டும் சார். விழப்போறது நான்தானே."

நடுவர் வாருக்கடியில் விரல்களை நுழைக்கிறார். இரண்டு போகின்றன; மூன்றாவது போகவில்லை. அதுதான் சரியான இறுக்கம். விரல்களைக் கைக்குட்டையில் அழுத்தித் துடைக்கிறார். சொன்னபடியே இரண்டு மார்க்கையும் குறைக்கிறார். "மதியம் ஏறு," என்கிறார், திட்டுவதுபோல. நன்றி சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. குதிரையின் காதுகளும் நிமிரவில்லை.