சிப்பாயின் புதுக் கண்கள்

மேகலா முதன்முதலாகப் பெயின்ட் அடித்த பொம்மை, கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்தான். பெயின்ட் அப்பிக் கிடந்தது. ஒரு கண் நெற்றிக்கே ஏறியிருந்தது. இரண்டாவதாக வந்த முரசுக்காரனுக்கு மூக்கெல்லாம் சிவப்பு. கடைசியாக வந்த குதிரைவீரனுக்கோ சட்டைப் பொத்தானில்கூட நிழல் தீட்டியிருந்தாள், அத்தனை நுணுக்கம்.

"அதே கைதானே அவனுக்கும் தீட்டியது! எனக்கு மட்டும் ஏன் இந்த ஓரவஞ்சனை?" என்று அலமாரியில் நின்றபடி பொருமினான் சிப்பாய்.

"வருகிறவர்களெல்லாம் முதலில் உன்னைத்தானே அண்ணே கையில் எடுக்கிறார்கள்?" என்றான் முரசுக்காரன்.

"சிரிக்கத்தானே எடுக்கிறார்கள்!"

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒருநாள், கீழே தூரிகை கழுவ வைத்திருந்த தின்னர் கிண்ணத்தில் வேண்டுமென்றே குப்புற விழுந்தான். பெயின்ட் மொத்தமும் கரைந்துபோனது. மேகலா பதறிப்போய் எடுத்துத் துடைத்தாள். வேறு வழியில்லாமல் புதிதாகத் தீட்டினாள். இந்த முறை கண்ணிரண்டும் அச்சாக அமைந்தன. குதிரைவீரன் பக்கத்திலேயே இடமும் கிடைத்தது. சிப்பாய்க்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோழிகள் வந்தார்கள். மேகலா சிப்பாயைத் தாண்டிக் கையை நீட்டி முரசுக்காரனை எடுத்தாள்.

"நான் ஆரம்பித்த லட்சணத்தைப் பாருங்கடி!"

முரசுக்காரன் கைக்குக் கை மாறினான். ஒவ்வொருத்தியும் சிரித்துச் சிரித்து அவன் சிவப்பு மூக்கைச் செல்லமாகத் தடவினாள்.

சிப்பாய் பார்த்துக்கொண்டே நின்றான். புதுக் கண்ணல்லவா, ஒன்றுவிடாமல் தெரிந்தது.