பொடித்த மாத்திரை

அம்மாவின் மூட்டுவலிக்கு மாத்திரை கொடுப்பது அவன் மனைவியின் பொறுப்பு. கொடுத்த அரை மணியில் அம்மாவுக்குக் கண் சொருகிவிடும். சாயங்காலத்துக்குள் மறுபடி வலியில் முனகத் தொடங்கிவிடுவாள். ஒரு வாரமாக அவன் மண்டைக்குள் வண்டு குடைந்தது. தூக்க மாத்திரையைக் கலந்து கொடுக்கிறாளோ?

இன்று லீவு போட்டுவிட்டு, சமையலறைக் கதவருகே பூனை மாதிரி நின்றான். அவள் எதையோ கரண்டியால் நசுக்கிப் பாலில் கலக்கினாள்.

"என்னத்தைக் கலக்குற?" கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மிடுக்கு குரலில்.

"அத்தையோட வலி மாத்திரைதாங்க. முழுங்க முடியலைன்னு கண் கலங்குறாங்க. அதான் பொடிச்சுக் கொடுக்கறேன்."

அட்டையைப் பிடுங்கிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"ஐயோ, இதைப் பொடிக்கவே கூடாது! நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இறங்க வேண்டிய மருந்து, மொத்தமா ஒரே நேரத்துல இறங்கிடும். அதுக்குத்தானே மேல பூச்சே போடறோம்!"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பன்னண்டு வருஷமா மாத்திரை கம்பெனியில அந்தப் பூச்சைப் போடறது நீங்கதான். அது எதுக்குங்கன்னு நான் கேட்டப்பல்லாம், 'கம்பெனி ரகசியம், உனக்கெதுக்கு'ன்னு வாயை அடைச்சது யாருங்க?"