பலகை பிடித்தவள்

அடுத்த மாநிலத்தில் புதிதாக மாவுக்கடை போட்டிருந்தாள் பொற்கொடி. வேலையாட்களின் சம்பளத்தில் பிடிக்கும் தொழில் வரிக்கு அங்கே பதிவு செய்தாக வேண்டும். பெயர்ப்பலகை மாட்டாமல் பதிவு கிடையாது என்றார் அதிகாரி. பதிவாகாமல் என் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றார் கட்டிட உரிமையாளர். இருவருக்கும் நடுவே அலைந்து சலித்தவள், அதிகாரி பார்வையிட வந்தபோது, தகரப் பலகையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி கடை வாசலில் நின்றாள்.

“போட்டோ எடுத்துக்குங்க சார்.”

“பலகை சுவர்ல இருக்கணும்மா. கையில எத்தனை நேரம் பிடிப்பீங்க?”

“நீங்க எழுதி முடிக்கிற வரைக்கும். வரி கட்டத்தானே வந்திருக்கேன், ஓடி ஒளியவா வந்தேன்?”

அதிகாரி எதுவும் எழுதாமலே பைக்கைக் கிளப்பினார். உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்த பெண்கள் இருவரும் கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு வந்து பலகையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டார்கள். கை விடுபட்ட பொற்கொடி நேராகப் போய், பைக் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினாள்.

“இப்ப எழுதுங்க சார்.”