ஒத்திகை மகள்

மகளாக நடிக்க வந்த அம்மாள் என்னைவிட மூத்தவர்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு அதுதான் வேலை. புற்றுநோய் முற்றிய அப்பா அம்மாக்களுக்கு, பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வதென்று பழக்கிவிடுவது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். "சொல்லுங்கப்பா" என்றார். பல்செட் லேசாக ஆடியது.

"வயித்துல இருந்த கட்டி என்னைப் பாத்துப் பயந்து, படியிறங்கி ஓடிடுச்சும்மா. டாக்டர் செருப்புகூடப் போடாம துரத்திட்டுப் போயிருக்காரு."

"இதையா பொண்ணுகிட்ட சொல்லி வெச்சிருக்கீங்க?" மகள் வேஷம் அதோடு கலைந்தது.

ஆமாம் என்றேன். போன ஸ்கேனுக்கு அப்படித்தான் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போனாள். என் வழுக்கை மின்னல் தாக்கி வந்தது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன். வகுப்பில் இருக்கும்போது இடி இடித்தால், என் தலையை நினைத்து அழுவாளாம்.

"கதையே வேண்டாம். உள்ளதை உள்ளபடி."

சொல்லிப் பார்த்தேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன். ஒருவழியாக வந்துவிட்டது: ஈரலுக்கும் பரவிவிட்டது. மருந்து இனிக் கேட்காது. நாள் அதிகமில்லை.

அந்த அம்மாள் பெற்ற மகள் மாதிரியே மூக்கை உறிஞ்சினார். நான் பாஸாகிவிட்டேன் என்றார். வெளியே காத்திருந்த என் மகளை உள்ளே கூப்பிட்டார்.

ஹெல்மெட்டைக் கையில் கோத்துக்கொண்டு வந்தாள். "என்னப்பா, கட்டி அகப்பட்டுச்சா?"

சொன்னேன். ஒத்திகையில் சொன்னபடியே, ஒரு வார்த்தை பிசகாமல்.

அவள் கடகடவென்று சிரித்தாள். "மூஞ்சிய எப்படிப்பா இப்படி வெச்சுக்கிற!"

சிரிப்புக்குத் துணை தேடி அந்த அம்மாளைப் பார்த்தாள்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

என் மகள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஏதாவது சொல்லுப்பா" என்றாள். "எதையாவது சொல்லு."

அதற்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

வாயைத் திறந்தேன். ஒரு பொய்கூட வரவில்லை.